கருத்துக் கேட்டார்கள், நான் எழுதினேன்

1

அம்மாவின் கடிதம் சென்ற செவ்வாய்க்கிழமை வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய், அங்கிருந்து நியூசிலாந்தின் ஒக்லாந்துக்கு வந்து சேர ஏறக்குறைய இரண்டு மாதம். பிளாக்ஹவுஸ் பே என்ற புறநகரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் தபால் பெட்டிக்குள் நத்தைகள் குடியிருக்கின்றன. அவை உறையின் ஒரு மூலையைத் தின்றிருந்தன. எழுத்து தப்பியிருந்தது.

"உன்ர சான்றிதழின்ர கொப்பியைக் கச்சேரிக்குக் கொண்டுபோய்க் காட்டினனான். பிரதம லிகிதர் அதை வாங்கி உன்ர பழைய மேசைக்கு மேல சுவரில ஒட்டிப்போட்டார். வாறவை போறவை எல்லாரும் வாசிக்கினம்" என்று அம்மா எழுதியிருந்தார். கச்சேரி எங்கள் ஊர் அரசாங்க அலுவலகம், நான் முன்பு வேலை செய்த இடம்; லிகிதர் என்றால் எழுத்தர்.

வாசித்தபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. குமட்டிக்கொண்டு வந்தது. மிகைப்படுத்தவில்லை, கையிலிருந்த தேநீரைத் தொட்டிக்குள் ஊற்றிவிட்டேன்.

கொப்பியை அனுப்பியவர் என் கணவர். "ஊருக்கு ஒண்டு அனுப்புவமே, அம்மா சந்தோசப்படுவா" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். வேலையிடத்தில் எனக்குக் கொடுத்த சான்றிதழ் அது. 'குழுவின் வளர்ச்சிக்குப் பங்களித்தமைக்காக' என்று அதில் இருக்கிறது. என் நீளப் பெயரில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. அதுவே இன்னும் எரிச்சலூட்டுகிறது. பிழை இருந்திருந்தால் யாரோ வேறொருத்திக்குக் கொடுத்தது என்று நினைத்துக்கொள்ளலாம்.

சுவரில் ஒட்டியதை இங்கிருந்து என்னால் கழற்ற முடியாது. ஆகவே அது எப்படி எனக்குக் கிடைத்தது என்பதை எழுதுகிறேன். கச்சேரியில் என்னோடு வேலை செய்தவர்கள் கண்ணில் பட்டால் நல்லது.

2

நான் வேலை செய்வது மங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில். அம்மாவுக்கு 'விமான நிலையத்தில் வேலை' என்று எழுதியிருந்தேன். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் விமானப் பயணிகளுக்குக் கொடுக்கும் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குகிற வேலை என்றும் எழுதியிருக்கலாம்.

எட்டுப் பெண்கள், நகரும் பெல்ட் ஒன்றின் இரண்டு பக்கமும் நிற்போம். ஒருத்தி முள்ளுக்கரண்டிப் பொட்டலம் வைப்பாள். நான் பாணும் பட்டரும். மதுரையிலிருந்து வந்த ஜெயந்தி சாலட். அறை முழுவதும் குளிரூட்டப்பட்டது. இரண்டு சோடிக் கையுறை போட்டாலும் பத்து மணிக்கு விரல் நுனி இருப்பது தெரியாது.

என் பட்டத்தை மதிப்பிடச் சொல்லி இங்குள்ள அலுவலகம் ஒன்றுக்கு அனுப்பி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. முதலில் மூலப்பிரதி கேட்டார்கள். பிறகு பாடத்திட்டம் கேட்டார்கள். பிறகு பாடத்திட்டத்தில் பல்கலைக்கழக முத்திரை இல்லை என்றார்கள். முத்திரை இருந்த அறைக்கு இப்போது கூரை இல்லை என்று எழுதலாமா என்று என் கணவரைக் கேட்டேன். "எழுதாதேயும். கூரைக்கும் ஒரு விண்ணப்பப் போர்ம் அனுப்புவினம்" என்றார்.

பெல்ட்டின் கடைசியில் நிற்பவர் மாலியா. தொங்கா தீவிலிருந்து வந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். தட்டில் எது குறைகிறது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். வேலையிடத்தில் நாங்கள் பேசுவதெல்லாம் ஆங்கிலம். நான் எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன். மாலியா பருத்தித்துறைப் பெண் மாதிரிக் கதைப்பதாகத் தோன்றினால் அது என் குறை.

மாலியாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. விடியுமுன் நகரத்தில் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தால் மங்கரேக்கு வர ஆறு இருபது ஆகும். எங்கள் வேலை தொடங்குவது ஆறு மணிக்கு. அந்த இருபது நிமிடம் அவருடைய இடத்தை நானும் ஜெயந்தியும் பார்த்துக்கொள்வோம். பின்னேரம் இரண்டரைக்கு வேலை முடியும். ஆனால் என் மகள் அபியின் பராமரிப்பு நிலையத்தை மூன்று மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ஜெயந்தியின் மகளுக்கும் பள்ளிக்கூடம் மூன்று மணிக்கு விடும். எனவே நாங்கள் இருவரும் இரண்டேகாலுக்கே அவளுடைய காரில் புறப்பட்டுவிடுவோம். கடைசிக் கால் மணி நேரம் மாலியா மூன்று பேர் வேலையைச் செய்வார். நேர அட்டையை, நிற்கிறவர் இல்லாதவருக்கும் சேர்த்து இயந்திரத்தில் அடித்துவிடுவார்.

சரியா என்று கேட்டால் சரியில்லைதான். ஆனால் இது தொடங்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், உடுப்பு மாற்றும் அறையில் நான் மணிக்கூட்டைப் பார்த்து அழுதுகொண்டிருந்தேன். மாலியா வந்து என்ன என்று கேட்டார். சொன்னேன். "போ" என்றார். "நாளைக்கும் போ. காலமை என்ர இடத்தைப் பார்." அவ்வளவுதான். கூட்டமில்லை, தீர்மானமில்லை. நாளடைவில் மற்ற ஐந்து பேரும் இப்படியே ஒருவருக்கொருவர் இடம் பார்த்து அட்டை அடித்துக்கொண்டார்கள். எங்கள் பெல்ட்டிலிருந்து போன தட்டில் குறை என்று ஒருவரும் முறையிட்டதும் இல்லை.

3

ஒருநாள் எங்கள் மேலாளர் டெபி எல்லோரையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டார். தேங்காய்ப்பூ தூவிய கேக் வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து ஓர் ஆலோசகர் வந்திருந்தார். அவருடைய கழுத்துப்பட்டியில் பந்து விளையாடும் நாய்களின் படம். சுவரில் பெரிய வெள்ளைத்தாளை ஒட்டி, நான்கு நிறப் பேனாக்களைத் திறந்தார். அந்தப் பேனாக்களின் நெடி இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

"எல்லோரும் பங்கெடுக்கும் குழுதான் வலிமையான குழு" என்றார் அவர். "இந்த வேலையை எங்களைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். உங்கள் கருத்து எங்களுக்கு வேண்டும். பிழையான பதில் என்று ஒன்று இல்லை."

எட்டுப் பேரும் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"யாராவது?" என்றார் டெபி.

ஒருத்தி, ஸ்மோக்கோவுக்கு இன்னும் கொஞ்சம் பிஸ்கட் தரலாம் என்றாள். இங்கே தேநீர் இடைவேளைக்கு ஸ்மோக்கோ என்று பெயர். ஆலோசகர் மகிழ்ந்துபோய் ஊதா நிறத்தில் 'பிஸ்கட்' என்று எழுதினார். அந்த வெள்ளைத்தாளில் கடைசிவரை இருந்தது அந்த ஒரு சொல்தான்.

ஜெயந்தி என் காதுக்குள் சொன்னாள்: "அக்கா, கேட்டா பதில் சொல்லியே ஆகணும்னு ஒண்ணும் இல்ல. கேக்க சாப்பிட்டுட்டு சிரிச்சுட்டே இருங்க."

போகும்போது ஆளுக்கொரு படிவம் தந்தார்கள். 'உங்கள் குழு நன்றாக இயங்குவதற்குக் காரணம் என்ன?' என்று கேள்வி. அடியில் நான்கு கோடு. அதற்கும் அடியில், 'இடம் போதாவிட்டால் மேலதிகத் தாள்களை இணைக்கவும்.'

4

கச்சேரியில் மாதக் கூட்டத்தின் முடிவில் எங்கள் மேலதிகாரியும் இதைத்தான் சொல்லுவார். "கருத்து ஏதும் இருந்தாச் சொல்லலாம்." சொல்லிக்கொண்டே பேனாவை மூடுவார். பேனா மூடினால் கூட்டம் முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். புதிதாக வந்த லிகிதர் ஒருவருக்கு அது தெரியவில்லை. ஓய்வூதியக் கோப்புகளைக் கிராமவாரியாக அடுக்கினால் வயதானவர்கள் வரிசையில் காத்துநிற்க வேண்டியதில்லை என்று மூன்று நிமிடம் சொன்னார். நல்ல கருத்து. அடுத்த மாதம் அவர் தீவுப் பகுதியில் ஓர் உப அலுவலகத்தில் இருந்தார். படகில் போய்வர வேண்டிய இடம். அவருடைய பிரிவுபசாரத்துக்கு வடை நன்றாக இருந்தது என்று கதைத்துக்கொண்டோம்.

ஆகவே ஊரில் எல்லாம் நன்றாக இருந்தது, இங்கேதான் பாசாங்கு என்று நான் எழுத வரவில்லை. எனக்கு இரண்டு இடமும் அருவருப்பாகத்தான் இருக்கிறது. வித்தியாசம் ஒன்று உண்டு. அங்கே பேனாவை மூடினார்கள். இங்கே திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்கள். நான் நம்பிவிட்டேன்.

5

ஏன் நம்பினேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருடம். அதற்குள் என் பிறந்த தேதியைக் கேட்டிருக்கிறார்கள், தடுப்பூசி விவரம் கேட்டிருக்கிறார்கள், இலங்கை இந்தியாவில் எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறார்கள். நீ என்ன நினைக்கிறாய் என்று யாரும் கேட்டதில்லை. அந்தப் படிவம்தான் முதலில் கேட்டது. படித்தவள் என்ற பெருமை மூன்று வருடமாகக் கையுறைக்குள் விறைத்துப்போய்க் கிடந்தது. அது எழும்பிவிட்டது.

சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். பரீட்சைக்கு எழுதுவதுபோல ஓரம் விட்டு, பந்திகளுக்கு இலக்கமிட்டு. அபி பக்கத்தில் நிறக்கட்டிகளோடு இருந்தாள். அவளுடைய நிலையத்தில் பிள்ளைகளைப் பாயில் வட்டமாக இருத்தி, ஒரு துணி முயலைக் கைமாற்றுவார்கள். முயல் யாரிடம் இருக்கிறதோ அவர் பேசலாம். "மம்மி, இஸ் இட் யுவர் ரேர்ன்?" என்று, என் முறையா என்று, கேட்டாள். "யெஸ், மை ரேர்ன்" என்று நானும் ஆங்கிலத்திலேயே சொன்னேன். தமிழில் கேள் என்று சொல்ல வேண்டுமென்று அன்று தோன்றவே இல்லை. அவ்வளவு மும்முரம்.

அட்டை அடிப்பது பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அந்தளவு புத்தி இருந்தது. 'வேலை தொடங்கும், முடியும் நேரங்கள் அங்கத்தவர்களின் பரஸ்பரப் புரிந்துணர்வின் அடிப்படையில் சீர்செய்யப்படுகின்றன' என்று கச்சேரி நடையில் எழுதினேன். மாலியாவின் பஸ்ஸைப் பற்றியும், முழங்கால் வலியைப் பற்றியும், தாய்மாருக்கு அவர் செய்யும் உதவியைப் பற்றியும் எழுதினேன். கச்சேரியில் எந்த அறிக்கையையும் பெரியவர் ஒருவருக்குப் பெருமை சேர்த்துத்தான் முடிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் கடைசி வரி எழுதினேன்: 'இதற்கான பெருமை முழுவதும் மாலியா அவர்களையே சேரும்.'

திங்கள் காலை காரில் ஜெயந்தி அதை வாசித்தாள். சிவப்பு விளக்கில் இரண்டு பக்கம், அடுத்த சிவப்பு விளக்கில் இரண்டு பக்கம்.

"அக்கா, இதக் குடுக்காதீங்க."

"ஏன்? ஏதும் பிழை இருக்கோ?"

"ஒரு பிழையும் இல்ல. அதான் பயமா இருக்கு."

கொடுத்துவிட்டேன். படிவத்தைத் திருப்பிக் கொடுக்காமல் இருப்பது என்பது எனக்குத் தெரியாத ஒன்று.

6

இரண்டு வாரத்தில் டெபி என்னைக் கூப்பிட்டார். இவ்வளவு நேர்மையான பதில் வேறு யாரிடமிருந்தும் வரவில்லை என்றார். என் தோளைத் தொட்டார். வெட்கத்தோடு சொல்கிறேன், அன்று வீட்டுக்குப் போய்ப் பாயசம் வைத்தேன்.

அடுத்த திங்கள் நேர அட்டை இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்றார். அவரவர் அட்டையை அவரவரே அடிக்க வேண்டும். இரண்டரைக்கு முன் யாரும் பெல்ட்டை விட்டு விலகக்கூடாது. மாலியாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, விமானங்களிலிருந்து திரும்பி வரும் அழுக்குத் தட்டுகளைக் கழுவும் பகுதிக்கு மாற்றினார்கள். மாத முடிவில் விசாரணை, அவரை வேலையில் வைத்திருப்பதா இல்லையா என்று அன்று முடிவு செய்வார்கள். எட்டுப் பேர் செய்த காரியத்துக்கு ஒருவர்தான் பொறுப்பு என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேனே, பெருமை முழுவதும் யாரைச் சேரும் என்று.

அந்த வெள்ளிக்கிழமைதான் சான்றிதழ். மறுபடியும் தேங்காய்ப்பூ கேக். டெபி என் பெயரை நன்றாகப் பழகிவந்து சரியாக உச்சரித்தார். எல்லோரும் கைதட்டினார்கள், மெதுவாக. மேசையில் கை வைத்தபடி ஜெயந்தி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தோடு கூட்டமாக நானும் கைதட்டினேன், எனக்கே. அதை நினைத்தால் இப்போதும் கையைக் கழுவ வேண்டும்போல இருக்கிறது.

இரண்டரைக்குப் பிறகு புறப்பட்டால் பிளாக்ஹவுஸ் பேக்கு வர மூன்றேகால். கதிரைகளையெல்லாம் மேசைமேல் கவிழ்த்து வைத்த அறையில், முதுகில் பையோடு அபி நிற்பாள். ரீச்சர் வீட்டுக்குப் போகக் காரின் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு புன்னகை செய்வார். என் கணவருக்கு ரானுயியில் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் வேலை, ஐந்து மணிக்கு முன் வர முடியாது. "நீர் உண்மையைத்தானே எழுதினீர்" என்றார் இவர். அதுதான் எல்லாவற்றையும்விட மோசமாகக் கேட்டது.

7

பத்து நாள் நான் மாலியா இருந்த பக்கம் போகவில்லை. காரில் ஜெயந்தி கேட்டாள்: "மாலியாகிட்ட எப்பச் சொல்லப் போறீங்க?"

"அவ கோவத்தில என்ர அட்டைக் கதையையும் சொல்லி எனக்கும் கடிதம் தந்திட்டினம் எண்டால்? வேலை போனால் வாடகை?"

"நானா எழுதுனேன்? நீங்கதானே எழுதுனீங்க. நான் சொன்னா கோள் சொன்னது ஆயிடும். நீங்கதான் போய்ச் சொல்லணும்."

ஸ்மோக்கோ நேரத்தில் கழுவும் பகுதிக்குப் போனேன். வாசலிலேயே நாற்றம் முகத்தில் அடித்தது. புளித்த பாலும், மீன் எச்சிலும், வெந்நீராவியும். மாலியா ரப்பர் ஏப்ரனோடு நின்று தட்டுகளை வழித்துத் தொட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் நிறுத்தவில்லை.

"அதை எழுதினது நான்தான்" என்றேன்.

"தெரியும்."

"ஆர் சொன்னது?"

"டெபி வாசிச்சுக் காட்டினவ. பெருமை முழுவதும் மாலியாவையே சேரும். இந்த இடத்தில வேற ஆர் அப்பிடி எழுதுவினம்?" இன்னொரு தட்டை வழித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கிறாய். என்ர பஸ் இருக்கு, என்ர முழங்கால் இருக்கு, உன்ர பிள்ளை இருக்கு. எங்களைக் கேட்டனியோ?"

நெஞ்சுக்குள் இருந்த சாக்குகளெல்லாம் அந்த நாற்றத்தில் கரைந்துபோயின. நாய்ப்படக் கழுத்துப்பட்டிக்காரரை நான் இரண்டு வாரமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஒப்புக்காவது கேட்டார். நான் ஒப்புக்குக்கூடக் கேட்கவில்லை. எட்டுப் பேருடைய வாழ்க்கையை எடுத்து, பந்திக்கு இலக்கமிட்டு, நல்ல பிள்ளைப் பெயர் வாங்கியிருந்தேன்.

"விசாரணைக்கு நான் ஒரு கடிதம் எழுதித் தாறன்" என்றேன். வேறென்ன எனக்குத் தெரியும்?

மாலியா முதல்முறையாகக் கையை நிறுத்தினார். "நீ எழுது. ஆனா நீ சொல்லாதை. நாங்கள் சொல்லுறம்."

மூன்று ஸ்மோக்கோ எடுத்தது. குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், வெளி மேசையில். விமானம் மேலே போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி வானத்தைப் பார்ப்போம். யாரும் ஒருவரோடொருவர் உடனே ஒத்துப்போகவில்லை. ஒருத்தி, அட்டையைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்றாள். ஜெயந்தி எழுந்து நின்றாள்.

"நானும் ரெண்டேகாலுக்குப் போவேன்னு போடுங்க அக்கா. அவங்க அட்டைய நான் அடிச்சேன்னும் போடுங்க" என்று தமிழில் என்னிடம் சொல்லிவிட்டு, அதையே ஆங்கிலத்தில் எல்லோருக்கும் சொன்னாள்.

"உமக்கு விசரோ?" என்றேன்.

"எட்டுப் பேரையும் அனுப்பிட்டா தட்டு யார் அடுக்குவா? அந்த நாய் போட்ட டைக்காரரா?"

இதையும் அவள் மொழிபெயர்த்தபோது மாலியா சிரித்தார். அதன்பின் ஒவ்வொருத்தியும் தன்னைத் தானே சேர்த்துக்கொண்டாள். நான் 'பரஸ்பரப் புரிந்துணர்வு' என்று ஒரு தடவை போடப்போனேன். "அது ஆர்? எங்கட பெல்ட்டில அப்பிடி ஒருத்தி இல்லையே" என்றார் மாலியா. வெட்டினேன். கடைசியில் கடிதம் அரைப் பக்கம்தான் வந்தது. ஆங்கிலத்தில் ஐந்து பிழை இருந்தது. ஒன்றையும் நான் திருத்தவில்லை. நான் செய்த வேலைகளில் அதுதான் மிகவும் கடினமானது.

விசாரணைக்கு மாலியாவோடு ஒருவர் மட்டும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். விசாரணை நாளான வெள்ளிக்கிழமை ஸ்மோக்கோ மணியடித்ததும் எட்டுப் பேரும் டெபியின் அறை வாசலில் போய் நின்றோம். டெபி கடிதத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். கழுத்து சிவந்தது. எங்களை எண்ணிப் பார்த்தார். பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டு மணிக்குப் புறப்படும் விமானத்துக்குத் தட்டுகள் பாதிதான் ஆகியிருந்தன.

திங்களிலிருந்து மாலியா பெல்ட்டுக்கு வரலாம் என்றார். அவருடைய வேலை நேரம் ஆறு இருபதுக்குத் தொடங்குவதாக எழுதித் தரலாம். ஆனால் இரண்டரைக்கு முன் யாரும் போக முடியாது, அதில் மாற்றமில்லை. அபி இனியும் கடைசிப் பிள்ளையாகத்தான் நிற்கப்போகிறாள் என்று எனக்குப் புரிந்தது. அது என் கணக்கில் விழ வேண்டியதுதான்.

நாங்கள் வெளியே திரும்பும்போது டெபியின் முகம் மலர்ந்தது. "பாருங்கள், இதுதான்! இந்த மாதிரிப் பங்களிப்பைத்தான் நாங்கள் எதிர்பார்த்தோம்" என்றார். கடிதத்தை உயர்த்திப் பிடித்தார். "இதை அறிவித்தல் பலகையில் போடலாமா? மற்றக் குழுக்களுக்கும் உற்சாகமாக இருக்கும்."

எனக்குக் குமட்டியது. ஆனால் நான் மட்டும் இல்லை. எட்டு முகமும் ஒரே மாதிரிச் சுளித்ததைக் கண்டேன்.

மாலியா ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு நீட்டினார். டெபி கை குலுக்கத்தான் என்று நினைத்துத் தன் கையையும் நீட்டினார். மாலியா அதைத் தாண்டிக் கடிதத்தை எடுத்து, நாலாக மடித்து, ஏப்ரனுக்குள் வைத்துக்கொண்டார்.

"இது உங்களுக்குத்தான் எழுதினது" என்றார். "நீங்கள் வாசிச்சாச்சு."

டெபியின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. நாங்கள் கையுறைகளை மாட்டிக்கொண்டு உள்ளே போனோம்.